சீனக் குன்றுச் சிற்பங்களிலிருந்து உங்கள் வீட்டுச் சுவருக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

அலங்காரப் பொருட்கள் விற்கும் கடை எதற்குள் நுழைந்தாலும் ஒரு புத்தர் தலை கண்ணில் படும். கழுத்துக்குக் கீழே எதுவும் இருக்காது. உடலை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஏன் செய்கிறார்கள் என்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரியாது. அதற்குப் பின்னால் இருக்கும் கதை அவ்வளவு நல்லதல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனத்தின் பாறைக் குகைக் கோயில்களில் சிலைகளின் தலைகளை அறுத்தெடுத்து வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார்கள். பாறையோடு ஒட்டிய முழுச் சிலையைப் பெயர்ப்பது பெரும்பாடு, தலையை அறுப்பது எளிது. ஷான்சி மாகாணத்துத் தியென்லோங்ஷான் குகைகள் 1920களில் அப்படித்தான் மொட்டையாயின. அங்கிருந்து போன ஒரு புத்தர் தலை 2020 இறுதியில்தான் ஜப்பானிலிருந்து சீனத்துக்குத் திரும்பியது. லோங்மென் குகையொன்றில் இருந்த அரச ஊர்வலப் புடைப்புச் சிற்பங்கள் இரண்டும் 1930களில் உடைத்து எடுக்கப்பட்டன. பேரரசர் ஊர்வலம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பேரரசி ஊர்வலம் கான்சஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில்.

பீடத்தின்மேல் தனித் தலையைப் பார்த்துப் பழகிய கண்தான் அதை அலங்காரம் என்று ஏற்றுக்கொண்டது என்பது என் எண்ணம். அதனால் இந்த வழிகாட்டியில் புத்தர் தலை இல்லை. அந்தக் குன்றுகளில் வேலை செய்தவர்கள் ஒளியை எப்படிக் கையாண்டார்கள், மாடத்தை எப்படிக் குடைந்தார்கள், உருவத்தின் விளிம்பைப் பாறைக்குள் எப்படிக் கரைத்தார்கள், மழைநீரை எங்கே திருப்பினார்கள் என்பதையெல்லாம் பார்க்கலாம். வீட்டுக்கு எடுத்துவரத் தகுந்தவை இவைதான். சிலை வாங்காமலேயே இவற்றில் முக்கால்வாசியைச் செய்துவிட முடியும்.

1. முதலில் ஒரு குன்றைத் தேர்ந்தெடுங்கள்

"சீன பாணி" என்று பொதுவாகத் தொடங்கினால் சிவப்பு விளக்கும் டிராகன் படமுமாக முடியும். ஒவ்வொரு குன்றுக்கும் தனிக் கல், தனிக் குணம். ஒன்றை எடுத்துக்கொண்டு அதோடு நில்லுங்கள்.

யுன்காங்: ஷான்சி மாகாணத்தில் தாதோங் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வட வேய் அரசு காலத்தில், 460-ஐ ஒட்டி, தான்யாவோ என்ற துறவியின் மேற்பார்வையில் தொடங்கிய வேலை. மணற்கல். உருவங்கள் பருமனாக, அகன்ற தோளோடு இருக்கும். 20-ஆம் குகையின் புத்தர் உட்கார்ந்த நிலையிலேயே 13.7 மீட்டர் உயரம். முன்சுவர் எப்போதோ இடிந்துவிட்டதால் இன்று வெட்டவெளியைப் பார்த்தபடி இருக்கிறார். மண்ணின் நிறமும் கனமான வடிவமும் பிடிக்கும் என்றால் உங்களுக்கு யுன்காங்.

லோங்மென்: அதே வட வேய் அரசு 490களில் தலைநகரை லுவோயாங்குக்கு மாற்றியபோது தொடங்கியது. இங்கே சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். அது இறுகலான கல் என்பதால் கோடுகள் கூர்மையாக விழும், ஆடை மடிப்புகள் நீர்வரி போல ஓடும். தாங் அரசமரபின் காலத்து வைரோசன புத்தர் 17.14 மீட்டர், 675-இல் முடிந்தது. அதற்குப் பேரரசி வூ செத்தியன் தன் ஒப்பனைச் செலவுப் பணத்திலிருந்து 20,000 சரம் காசு கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. சாம்பல், வெள்ளை, மெல்லிய கோடு என்று போகிற வீடுகளுக்கு லோங்மென் பொருந்தும்.

தாட்சு: சோங்சிங் பகுதியில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரை செதுக்கியவை. பௌத்தம், தாவோயியம், கன்பூசியம் மூன்றும் ஒரே வட்டாரத்துப் பாறைகளில் சேர்ந்து இருக்கின்றன. மற்ற இரண்டிலும் கடவுளர்தான் பெரிய ஆட்கள், தாட்சுவிலோ சாதாரண மனிதர்களும் நிறைய வருகிறார்கள். பிள்ளைக்குப் பாலூட்டும் தாய், குழல் ஊதும் மாட்டுக்காரன், கோழிக்கூண்டு திறக்கும் பெண். கதை பிடிக்கும், நிறமும் வேண்டும் என்றால் இங்கே வாருங்கள்.

உருவமே வேண்டாம், எழுத்து போதும் என்பவர்களுக்குத் தாய்ஷான் மலை. அங்கே ஓடைப் பாறைப் பரப்பில் வச்சிரச் சூத்திரம் என்ற பௌத்த நூலைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் ஏறக்குறைய அரை மீட்டர், இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் மிஞ்சியிருக்கின்றன.

துன்ஹுவாங் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். அந்தக் குன்று கூழாங்கற்கள் ஒட்டிய பாறை, நுணுக்கமாகச் செதுக்க வராது. அதனால்தான் அங்கே களிமண் சிலைகளும் சுவரோவியமும் வளர்ந்தன. அழகுதான், ஆனால் வேறு வழி.

2. சுவரைத் தேர்ந்தெடுப்பது

ஒரு வீட்டுக்கு ஒரு சுவர் போதும். இரண்டாவது சுவரிலும் தொடங்கினால் உணவகம் மாதிரி ஆகிவிடும். நுழைவாயிலுக்கு எதிர்ச்சுவர், மாடிப்படி ஏறும் பக்கச் சுவர், நீண்ட நடைவழி ஆகியவை நல்ல இடங்கள். டிவி சுவர் வேண்டாம். திரையின் வெளிச்சம் புடைப்பின் நிழலைக் கொன்றுவிடும்.

முதல் சோதனை ஈரம். சுவரில் உப்பு பூத்திருக்கிறதா, மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்பளிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கசிவை நிறுத்திவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்குங்கள். தாட்சுவின் மணற்கல் சிற்பங்களுக்கு இன்றுவரை பெரிய எதிரி பாறைக்குள் ஊறும் தண்ணீர்தான். பாறையையே அரிக்கும் தண்ணீர் உங்கள் பட்டிப் பூச்சை விட்டு வைக்காது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு டார்ச் போதும். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டி மேலிருந்து கீழாக அடியுங்கள். கொத்தனார் விட்ட மேடு பள்ளம் எல்லாம் தெரியும். பக்கவாட்டு ஒளியில் உங்கள் சுவர் எப்படி இருக்கப்போகிறது என்பதற்கு அதுதான் முன்னோட்டம்.

3. ஒளி: பாதி வேலை இங்கேதான்

புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் நிழல். நேர் எதிரிலிருந்து விளக்கு அடித்தால் இரண்டு அங்குலப் புடைப்பும் தட்டையான படமாகத் தெரியும். வெயிலில் நிற்கும் குன்றுச் சிற்பங்கள் காலையும் மாலையும் ஆழமாகத் தெரிவதற்குக் காரணம் சாய்வொளி. அதை வீட்டில் கொண்டுவர, ஸ்பாட் லைட்டையோ நீள எல்இடி விளக்கையோ சுவரிலிருந்து 6 முதல் 8 அங்குலத் தூரத்தில், கூரையோரமாகப் பொருத்தி நேர் கீழே பார்க்கவிட வேண்டும். சுவரை விட்டு மூன்றடி தள்ளி வைத்தால் ஒளி பரவிவிடும், நிழல் மெலிந்துவிடும். ஃபால்ஸ் சீலிங் போடும் வீடு என்றால் சீலிங்கைச் சுவருக்குச் சற்று முன்பே நிறுத்தி, அந்த இடைவெளிக்குள் விளக்கை ஒளித்துவிடலாம். இதை எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீலிங் முடிந்த பிறகு சொன்னால் இரட்டைச் செலவு.

விளக்கின் நிறம் 2700 முதல் 3000 கெல்வின் வரை இருக்கலாம். மணற்கல் நிறத்துக்கு 2700, லோங்மென் சாம்பலுக்கு 3000. அதற்கு மேல் போனால் கல் நீலம் பாய்ந்து, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி ஆகும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஒன்றும் வையுங்கள்.

இன்னொரு முறை தாட்சுவிலேயே இருக்கிறது. பாவோதிங்ஷானில் பூரண ஞானக் குகை என்று ஒன்று உண்டு. உள்ளே இருட்டு. நுழைவாயிலுக்கு மேலே ஒரே ஒரு சாளரம் குடைந்திருக்கிறார்கள். அதன் வழியே வரும் ஒளி சாய்வாக இறங்கி, நடுவில் மண்டியிட்டிருக்கும் போதிசத்துவரின் பக்கம் விழுகிறது. சுற்றியிருக்கும் உருவங்கள் அரையிருட்டில் இருக்கின்றன. வீட்டில் சிறிய பூசை இடத்துக்கும் தியான மூலைக்கும் இதைவிட நல்ல ஒளியமைப்பு எனக்குத் தெரியாது. அறை விளக்குகளைக் குறைத்து, முன்னால் மேலே ஒரே ஒரு குறுகிய கற்றை. அவ்வளவுதான்.

4. மாடம் அமைப்பது

குன்றுச் சிற்பக் கலையின் அடிப்படை அலகு மாடம். லோங்மெனில் மட்டும் குகையும் மாடமுமாக 2,300-க்கும் மேல் இருக்கின்றன. பெரும் பணக்காரர்கள் குகை குடைந்தார்கள். சாதாரணக் குடும்பங்களும் ஊர்ச் சங்கங்களும் இடம் கிடைத்த இடத்தில் சிறு மாடம் குடைந்து, யாருக்காகச் செய்தோம் என்று பக்கத்தில் எழுதிவைத்தார்கள். இறந்துபோன மகனுக்காக, போருக்குப் போனவனுக்காக என்று. ஆகையால் அந்தச் சுவர்களில் மாடங்கள் ஒழுங்கான வரிசையில் இருப்பதில்லை. பெரியதும் சிறியதும் நெருங்கிக் கிடக்கும். நீங்களும் மூன்று மாடம் வைக்கப் போகிறீர்கள் என்றால் மூன்றையும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் வைக்காதீர்கள். ஒன்று பெரியது, அதன் தோளருகே ஒரு சிறியது, சற்றுக் கீழே தள்ளி இன்னொன்று என்றால் குன்றின் சாயல் தானாக வரும்.

வடிவம் முக்கியம். வட வேய் மாடங்களின் மேல்வளைவு அரைவட்டம் அல்ல. நடுவில் மெல்லக் கூராகி, சுடர் நுனிபோல முடியும். இன்னொரு வகையில் மேற்பகுதி சரிந்த தட்டைக் கூரைபோல இருக்கும், அதன் கீழே தொங்கும் திரைச்சீலை மடிப்புகளைச் செதுக்கியிருப்பார்கள். முதல் வகை வீட்டில் செய்ய எளிது.

சுவரைக் குடையலாமா? தூண், பீம் இருக்கும் இடத்தைத் தொடவே கூடாது. சுமை தாங்கும் சுவராக இருந்தால் பொறியாளர் பார்க்காமல் உளி வைக்காதீர்கள். நாலரை அங்குலச் சுவரில் குடைந்தால் மறுபக்கம் வெடிப்பு விடும், ஒயர் குழாயும் குறுக்கே வரலாம். என் சிபாரிசு குடையவே வேண்டாம் என்பதுதான். இருக்கும் சுவருக்கு முன்னால் இரும்புச் சட்டம் கட்டி, ஜிப்சம் போர்டால் 5 அங்குலம் தள்ளி ஒரு புதுமுகம் கொடுங்கள். மாடங்களை அதில் வெட்டிக்கொள்ளலாம், ஒயரும் உள்ளே மறையும். வாடகை வீட்டுக்காரர்கள் பிளைவுட்டில் பெட்டி மாடம் செய்து மாட்டிக்கொள்ளலாம். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

உட்புறத்தின் பின்மூலைகளைக் கூர்மையாக விடாமல் பட்டி வைத்து உருட்டிவிடுங்கள். உளியால் குடைந்த குழியில் பெட்டியின் மூலை இருக்காது. ஒளியும் வளைவில் மெல்ல மங்கிக்கொண்டே போகும். மாடத்தில் என்ன வைப்பது? எதுவும் வைக்காமல் விடலாம். ஒரு சுடுமண் கலயம், ஓர் ஆற்றுக்கல், பாட்டியின் பித்தளைச் செம்பு எதுவானாலும் சரி, ஒன்றுதான்.

5. விளிம்பைக் கரைப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாவோதிங்ஷான் பள்ளத்தாக்கில் 31 மீட்டர் நீளத்துக்கு ஒரு சயன புத்தர் இருக்கிறார். அத்தனை நீளத்திலும் தெரிவது மேலுடல் மட்டும். கால்கள் செதுக்கப்படவே இல்லை, பாறைக்குள் போய் மறைந்துவிடுகின்றன. வலத்தோளும் தரைக்குள் அமிழ்ந்திருக்கிறது. அவருக்கு முன்னால் நிற்கும் சீடர்கள்கூட இடுப்பளவுக்குத் தரையிலிருந்து எழுந்தவர்களாகத்தான் இருக்கிறார்கள். முழு உடலையும் காட்டியிருந்தால் அது பெரிய சிலையாக மட்டும் இருந்திருக்கும். பாதியைப் பாறைக்கு விட்டதால் குன்றே அவர் உடலாகிவிட்டது.

கடையில் வாங்கும் புடைப்புப் பலகைகள் செயற்கையாகத் தெரியக் காரணம் அவற்றின் சட்டம். நான்கு பக்கமும் நறுக்கென்று முடியும், சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் போல. சரிசெய்ய வழி உண்டு:

பலகையை ஒட்டிய பிறகு, அதன் விளிம்பிலிருந்து சுவருக்கு ஓர் அடி தூரம் வரை டெக்ஸ்சர் பூச்சைச் சரிவாக இழுத்துவிடுங்கள். விளிம்பருகே பலகையின் கனம், வெளியே போகப்போகக் காகிதக் கனம்.

அந்தச் சரிவில், பூச்சு பாதி காய்ந்த நிலையில், பழைய உளியாலோ திருப்புளியாலோ இணையான சாய்ந்த கோடுகள் இழுங்கள். குன்றுச் சுவர்களில் உருவம் இல்லாத இடங்களில் தெரியும் உளித்தடம் இதுதான். எல்லாக் கோடும் ஒரே பக்கம் சாய வேண்டும், ஏனென்றால் வேலை செய்தவர் ஒரே பக்கம் நின்று அடித்தார்.

உருவத்தின் ஒரு பக்கத்தை முழுதாக விட்டு, மறுபக்கத்தைப் பூச்சுக்குள் அமிழ்த்துங்கள். நாலு பக்கமும் சமமாக அமிழ்த்தினால் மறுபடியும் சட்டம் போட்டதுபோல் ஆகிவிடும்.

அப்புறம், உயரத்தில் மாட்டும் எதையும் முன்னோக்கிச் சற்றுச் சாய்த்து மாட்டுங்கள். பாவோதிங்ஷானில் ஹுவாயென் மூவர் என்று அழைக்கப்படும் சிலைகள் ஏறத்தாழ 7 மீட்டர் உயரம். அவை நேராக நிற்பதில்லை, கீழே நிற்பவரை நோக்கிக் குனிந்திருக்கின்றன. நேராக நின்றிருந்தால் கீழிருந்து பார்ப்பவருக்கு முகம் சிறுத்துத் தெரியும். கையில் தாங்கும் கல் கோபுரத்தின் பாரம் கையை ஒடித்துவிடாதபடி, மேலாடையின் மடிப்பைக் கையிலிருந்து கால்வரை தொங்கவிட்டு அதையே தூணாக்கியிருக்கிறார்கள். அழகுக்கு வைத்ததுபோல் தெரியும் துணி மடிப்பு அங்கே பாரம் சுமக்கிறது. உங்கள் சுவரில் பலகையின் மேல்பக்கம் பின்னால் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும், இந்தக் குனிவு கிடைத்துவிடும்.

6. நீங்களே செய்யக்கூடிய ஒன்று: தாமரைத் தகடு

லோங்மெனில் தாமரைக் குகை என்று ஒன்று. அதன் கூரை முழுக்க விரிந்த ஒரு பெரிய தாமரை, அதைச் சுற்றிப் பறக்கும் தேவகணங்கள். உருவ வழிபாடு பற்றிய தயக்கம் எதுவும் இல்லாமல் எல்லா வீட்டிலும் வைக்கக்கூடிய வடிவம் இது. கூரையில் விளக்கைச் சுற்றியும் வைக்கலாம், சுவரிலும் வைக்கலாம். 12 அங்குல விட்டத்தில் ஒன்று செய்வோம்.

வழுவழுப்பான பலகையில் களிமண்ணை முக்கால் அங்குலக் கனத்துக்கு வட்டமாகப் பரப்புங்கள். நடுவில் விதைக்கொட்டை, அதில் சிறு உருண்டைகள். அடுத்து உள்ளிதழ் வரிசை, அதற்கு வெளியே பெரிய இதழ் வரிசை. இதழின் நடுவைத் தாழ்த்தி ஓரங்களை உயர்த்துங்கள், நுனி மட்டும் லேசாக மேலே எழட்டும். எதற்கும் அடியில் குடைவு வரக் கூடாது. குடைவு இருந்தால் அச்சு கழன்று வராது.

களிமண்ணைச் சுற்றி அட்டைச் சுவர் கட்டி, சிலிக்கோன் ரப்பரை மெல்லிய ஓட்டமாக ஒரு மூலையிலிருந்து ஊற்றுங்கள். நடுவில் கொட்டினால் காற்றுக்குமிழி அடைபடும். அது இறுகியதும் உரித்தெடுத்தால் அச்சு தயார்.

வார்ப்புக்கு ஏறக்குறைய 2 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் 1.4 லிட்டர் தண்ணீரும் வேண்டும். தண்ணீரில் பொடியைத் தூவுங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கட்டி விழும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் ஊறவிட்டு, குமிழி வராமல் மெதுவாகக் கலக்கி, பாதி ஊற்றியதும் பிரித்த தேங்காய் நாரை ஒரு படுகை வைத்து மீதியை ஊற்றுங்கள். சீலிங் வேலைக்காரர்கள் கார்னிஸுக்கு நார் வைப்பது வெடிக்காமல் இருக்கத்தான். மாட்டுவதற்கான கம்பி வளையத்தையும் இப்போதே பதித்துவிடுங்கள். மீந்த கலவையைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியிலேயே இறுகவிட்டுத் தட்டிக் குப்பையில் போடுங்கள்.

அரைமணி நேரத்துக்குள் இறுகிவிடும். ஆனால் உள்ளீரம் போகச் சில நாள் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அதற்கு முன் நிறம் பூசாதீர்கள். பிளாஸ்டர் வெளிப்புறத்துக்கு ஆகாது. பால்கனிக்கு என்றால் இதே அச்சில் சிமென்ட் கலவை வார்க்கலாம், அல்லது களிமண்ணை அழுத்தி எடுத்துக் குயவரிடம் சுடக் கொடுக்கலாம்.

இதே முறையில் ஆயிரம் புத்தர் சுவரும் செய்யலாம் என்று தோன்றும். லோங்மெனின் பத்தாயிரம் புத்தர் குகையில், 680-இல் முடிந்தது, சுவர் முழுக்க 15,000 சிறு புத்தர்கள் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். தூரத்திலிருந்து துணி நெசவு, அருகே போனால் உருவம். வீட்டில் உருவத்தை விட்டுவிட்டு, அந்தச் சிறு மாடங்களின் கட்டத்தை மட்டும் சுடுமண் ஓடுகளில் எடுத்தால் போதும். அச்சு ஒன்று, ஓடு ஐம்பது. ஒவ்வொன்றையும் கையால் அழுத்தி எடுப்பதால் எதுவும் இன்னொன்றின் நகலாக இருக்காது.

7. நிறம்: மேட்டில் அல்ல, பள்ளத்தில்

இன்று வெறுங்கல்லாகத் தெரியும் பலவற்றில் ஒருகாலத்தில் நிறம் இருந்தது. யுன்காங்கின் 9 முதல் 13 வரையான குகைகளில் பிற்காலத்தில் மறுபடி பூசிய நிறங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. தாட்சுவில் நீலமும் பச்சையும் சிவப்பும் பாதி மங்கி நிற்கின்றன. நமக்குப் பிடித்தது இந்தப் பாதி மங்கல்தான், அதற்கு ஒரு கணக்கு உண்டு. காற்றும் மழையும் கையும் படும் மேடுகளில் நிறம் முதலில் போகும், மடிப்புக்குள்ளும் பள்ளத்திலும் தங்கும். கடைப் பொம்மைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மேட்டில் தங்க வண்ணம், பள்ளத்தில் கறுப்பு.

செய்முறை இப்படி. அடிநிறமாகச் சுண்ணாம்புப் பூச்சு அல்லது பளபளப்பில்லாத வெளிர் மண்நிறம். அது காய்ந்ததும் நீர்த்த பழுப்பு நிறத்தை முழுதும் தடவி, ஈரத்துணியால் மேடுகளைத் துடையுங்கள். பிறகு காவிச் சிவப்பு, செம்புப் பச்சை, மங்கிய நீலம் இவற்றில் இரண்டை மட்டும் எடுத்து, சிறு தூரிகையால் பள்ளங்களில் இட்டு, காய்வதற்குள் மறுபடி துடையுங்கள். மிச்சம் நிற்பது பத்தில் ஒரு பங்கு பரப்புக்கு மேல் போகக் கூடாது. வார்னிஷ் அடிக்கவே கூடாது, கல் பளபளக்காது.

தங்கம் பற்றி ஒரு வார்த்தை. பாவோதிங்ஷானின் ஆயிரம் கை குவான்யின், நம் பக்கத்துச் சொல்லில் அவலோகிதேசுவரர், முழுக்கத் தங்க ரேக்கு போர்த்தியவர். 2008-இல் தொடங்கி 2015-இல் முடிந்த சீரமைப்பின்போது எண்ணிப் பார்த்ததில் 830 கைகள். மயில் தோகைபோல விரிந்து பாறையை மறைத்து நிற்கும் அது, பார்ப்பவரைத் திகைக்க வைக்கச் செய்தது. வீட்டு வரவேற்பறையில் அந்த அளவு தங்கம் ஹோட்டல் லாபியாகிவிடும். தாமரை விதைக்கொட்டையில் ஒரு தொடுகை, அதோடு நிறுத்துங்கள்.

8. கதை சொல்லும் சுவர்

நடைவழி உள்ள வீடுகளுக்கு: பாவோதிங்ஷானில் பாறையின் வளைவோடு ஓடும் பத்து மாடு மேய்ப்புக் காட்சிகள் இருக்கின்றன. முதலில் திமிறும் மாட்டை மேய்ப்பன் கயிற்றால் இழுத்துப் போராடுகிறான். போகப்போகக் கயிறு தளர்கிறது. ஓரிடத்தில் இரண்டு மேய்ப்பர்கள் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார்கள், ஓரிடத்தில் ஒருவன் குழல் ஊதுகிறான். கடைசியில் மாடும் இல்லை, ஆளும் இல்லை, நிலவு மட்டும். மனதைப் பழக்குவது பற்றிய பாடம் இது. பிள்ளைகளுக்கு மாட்டுக்கதையாகவும் பெரியவர்களுக்கு வேறாகவும் படும். பத்தையும் செய்ய வேண்டியதில்லை. நான்கு சிறு பலகைகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லும் ஒரே கயிற்றுக்கோடு, கடைசியில் வெறும் வட்டம். பலகைகளை ஒரே மட்டத்தில் வைக்காமல் பாறையின் ஏற்ற இறக்கம்போல வைக்கலாம்.

தாட்சுவில் அதிகம் படம் பிடிக்கப்படும் உருவங்களில் ஒன்று, கூண்டைத் திறந்து கோழி விடும் பெண். மிக அழகான சிற்பம். சாப்பாட்டு அறைக்குப் பொருத்தமாக இருக்குமே என்று தோன்றும். அவள் இருப்பது நரகக் காட்சியில். கொல்வதற்காகக் கோழி வளர்த்த பாவத்துக்கு அவள் எடுத்துக்காட்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மேசைக்கு மேலே அவளை மாட்டுவதா என்பது உங்கள் விருப்பம்.

9. தண்ணீர்

இந்தக் கலைஞர்கள் கசிவை மறைக்கவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பாவோதிங்ஷானில் குன்றின் மேலிருந்து வரும் ஊற்றுநீர் நாக உருவத்தின் வாய் வழியே இறங்கிக் குழந்தைச் சித்தார்த்தரை நீராட்டுகிறது. பூரண ஞானக் குகையில் கூரை நீர் சுவரில் செதுக்கிய உருவங்களுக்குள் மறைந்து ஓடி, ஒரு துறவி ஏந்திய பாத்திரத்தில் சொட்டுகிறது. சிச்சுவான் மாகாணத்து லெஷானின் 71 மீட்டர் புத்தருக்குச் சுருள்முடிக்கும் மேலாடைக்கும் பின்னால் வடிகால் ஓடுகிறது.

வீட்டுக்குள் நீரூற்று வைக்காதீர்கள், கொசுவும் உப்புக்கறையும்தான் மிச்சம். பால்கனியிலோ முற்றத்திலோ, மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் ஒரு கல் பள்ளம், அதிலிருந்து செடித்தொட்டிக்கு ஒரு சிறு வாய்க்கால் என்றால் மழை நாளில் அழகு, மற்ற நாளில் வெறும் கல். அதுவே போதும்.

10. உருவம் வேண்டும் என்றால்

வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருடைய கடவுள் என்பது நினைவில் இருக்க வேண்டும். கால்மாட்டில், செருப்பு அலமாரிக்கு மேல், குளியலறையில், மது அலமாரியில் வைக்காதீர்கள். இலங்கையில் புத்தரைக் கையில் பச்சை குத்தியதற்காகவே திருப்பி அனுப்பப்பட்ட சுற்றுலாப் பயணிகள் உண்டு. உங்கள் வீட்டுக்கும் பௌத்த விருந்தாளி வரலாம். கண்மட்டத்துக்குச் சற்று மேலே, தனி மாடத்தில், முழு உருவமாக வையுங்கள். தொந்தியும் சிரிப்புமாக எல்லாக் கடையிலும் விற்கும் "சிரிக்கும் புத்தர்" சித்தார்த்தர் அல்ல, புதாய் என்ற சீனத் துறவி. ஹாங்சோவின் ஃபெய்லாய்ஃபெங் குன்றில் பதினெட்டு அருகர்களுக்கு (ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகளுக்கு) நடுவே சாய்ந்திருக்கும் சோங் அரசமரபின் காலத்துப் புதாய் சிற்பம் அந்த வடிவத்தின் மிகச் சிறந்த மாதிரிகளில் ஒன்று. வாங்குவதென்றால் அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கடையில் இருப்பது பிடிக்காமல் போகலாம்.

கல்லில் செய்யச் சொல்லலாமா? மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் படம் கொடுத்தால் செய்வார்கள். ஆனால் கருங்கல்லில் யுன்காங்கின் மென்மை வராது, கல்லின் குணம் வேறு. மாக்கல் கேளுங்கள், மடிப்பும் வளைவும் அதில் இணங்கும். எடையையும் கணக்கிடுங்கள். ஒரு சதுர அடி, ஓர் அங்குலக் கனக் கல் கிட்டத்தட்ட 6 கிலோ. இரண்டு சதுர அடிக்கு மேல் போனால் ஆணியில் தொங்கவிடாமல், கீழே இரும்புக் கோணம் வைத்துத் தாங்குங்கள். இலகுரகக் கட்டியால் கட்டிய சுவருக்கு அதற்கென்றே உள்ள பிளக் வாங்க வேண்டும், சாதாரண பிளக் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

"பழைய சீனச் சிற்பம், அசல்" என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். 1911-க்கு முந்தைய கலைப்பொருட்களைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சீனம் அனுமதிப்பதில்லை. அசல் என்றால் பெரும்பாலும் களவு, களவில்லை என்றால் போலி.

11. பராமரிப்பு

மாதம் ஒருமுறை மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுங்கள். ஈரத்துணி பள்ளத்து நிறத்தை எடுத்துவிடும், தூசியைச் சேறாக்கி மடிப்பில் அப்பிவிடும். ஊதுவத்தி, விளக்குப் புகை நேராகப் படும்படி வைக்காதீர்கள். நாள்பட்ட கரி பிளாஸ்டரில் இறங்கினால் போகாது. எங்காவது சில்லு பெயர்ந்தால் உடனே பட்டி வைத்து அடைக்க வேண்டாம். உட்புற வெள்ளை தெரிகிற அளவுக்கு இருந்தால் மட்டும் அடிநிறத்தைத் தொட்டு விடுங்கள். விளக்கை மாற்றும்போது அதே கெல்வின் எண் பார்த்து வாங்குங்கள். பழைய விளக்கின் அட்டைப் பெட்டியை ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்திலேயே பத்திரப்படுத்தி வைத்தால் தேட வேண்டியிருக்காது.